இரட்டை மீன்களை அளத்தல்

நமது கல்லூரியில் ஆண்டுதோறும் ஓரிரு மாலைகளில் பௌதிகப் பகுதியார் தொலைநோக்கியை வெளிமுற்றத்தில் நிறுத்தி, விரும்பினோர்க்கெல்லாம் வானத்தைக் காட்டுவது வழக்கம். அம்மாலைகளில் மாணவர் வேண்டுவன மூன்றே: மதியின் குழிகள், வியாழனின் துணைக்கோள்கள், சனியின் வளையம். இவற்றைக் கண்டு வியந்து, கண்ணருகு வில்லையிற் கைப்பேசியை வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு, விடுதியின் உணவு மணிக்கு விரைகின்றனர். அவர்களைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. சனியின் வளையத்தை முதன்முறை கண்டு வியவாதவர் கண்ணிருந்தும் என்ன பயன்? எனினும், ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் அத்தொலைநோக்கி உறையிட்டபடி அலமாரியில் உறங்குகின்றது. அதனை எழுப்புதற்குத் தக்க தொழில் ஒன்று உண்டு. அஃது இரட்டை மீன்களையும் பன்மீன் தொகுதிகளையும் நிழற்படம் பிடித்து அளந்து குறித்துவைத்தலே என்பது எமது துணிபு. அத்தொழில் பௌதிகப் பகுதியார்க்கு மட்டும் உரியதன்று என்பதும் உடன் கூறத்தக்கது.

இரட்டை மீன் என்னும் பெயரில் இருவேறு பொருள்கள் அடங்கியுள்ளன. தம்முள் தொடர்பின்றி, முன்னும் பின்னுமாய் வெகுதொலைவு விலகி நின்று, நமது பார்வைக் கோட்டில் மட்டும் அடுத்தடுத்துத் தோன்றுவன ஒருவகை. ஒன்றன் ஈர்ப்பில் ஒன்று கட்டுண்டு, பொதுவானதொரு புள்ளியைச் சுற்றி வருவன மற்றொருவகை. இலக்கணம் பயிலும் எமக்கு இவ்வேறுபாட்டைக் கேட்டவுடன் அடுக்குத்தொடரும் இரட்டைக்கிளவியுமே நினைவில் எழுந்தன. 'பாம்பு பாம்பு' என்பதனைப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தரும். 'சலசல' என்பதனைப் பிரித்தால் எஞ்சியது பொருள் தாராது. மகர ராசியில் வெறுங்கண்ணுக்கே இரண்டாய்த் தெரியும் ஆல்பா மீன் அடுக்குத்தொடரினம். அவ்விரண்டனுள் ஒன்று நமக்கு ஏறக்குறைய நூறு ஒளியாண்டுத் தொலைவிலும், மற்றொன்று பன்னூறு ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. புனர்பூசத்து இரு மீன்களுள் ஒன்றாகிய காஸ்டர் இரட்டைக்கிளவியினம். அதுவும் இரட்டையளவில் நில்லாது. தொலைநோக்கியில் இரண்டாய்ப் பிரியும் அதன் மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே இரண்டாம். சற்று விலகி நிற்கும் மங்கிய செம்மீனும் இரண்டாம். ஆக ஆறு மீன்கள் ஒரு குடும்பமாய் 51 ஒளியாண்டுத் தொலைவில் உறைகின்றன. இதற்கு இலக்கணத்தில் ஒப்புமை தேடுதல் வீண்முயற்சி.

ஒரு சோடியைக் கண்ட அளவிலே அஃது எவ்வினத்தது என்று கூறிவிட இயலாது. அன்னப்பறவை மண்டலத்து அல்பிரியோ பொன்னும் நீலமுமாய் 35 விகலை இடைவெளியில் ஒளிரும் சோடி. தொலைநோக்கி உடையார் எல்லாரும் விருந்தினர்க்குக் காட்டி மகிழ்வது. அவ்விரு மீன்களும் உண்மையில் இணைந்தனவோ, அன்றி ஒருங்கு தோன்றுவன மட்டுமோ என்பது இன்றளவும் வானநூலாரிடையே வழக்காடப்படுகின்றது. கண்ணுக்கு இனிமை வேறு, உறவுக்குச் சான்று வேறு. சான்று வேண்டின், இரு மீன்களின் இடைத்தொலைவையும், வடதிசையினின்று கீழ்த்திசை வழியாகக் கணக்கிடும் நிலைக்கோணத்தையும் பல ஆண்டுகள் விடாது அளந்து வரல் வேண்டும்.

இவ்விடத்தில், தமிழ் மாணவர் என்னும் முறையில் நாம் கூறியே ஆகவேண்டிய செய்தி ஒன்றுண்டு. எழுமீன் என்று முன்னோர் வழங்கிய சப்தரிஷி மண்டலத்தில், வாலின் நடுமீன் வசிட்டன். அதனை ஒட்டி மங்கலாய் நிற்பது அருந்ததி. மேனாட்டார் இவற்றை மிசார் என்றும் ஆல்கோர் என்றும் அழைப்பர். சங்கநூல்கள் அருந்ததியை வடமீன் எனக் கூறும். சிலப்பதிகாரத்து மணவிழாவிலும் அம்மீனுக்கு இடமுண்டு. கிறிஸ்தவராகிய எம் இல்லத்து மணங்களில் அம்மி மிதித்தலும் அருந்ததி பார்த்தலும் இல்லை. ஆயினும் தமிழ் பயில்வார் எவர்க்கும் அம்மீன் அயலானதன்று. அண்மைக்காலமாக இதுபற்றி ஒரு பேச்சு நாடெங்கும் உலவுகின்றது. பிற இரட்டைகளில் ஒன்று மற்றொன்றைச் சுற்றிவர, வசிட்டனும் அருந்ததியும் மட்டும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றனவாம். இதனை நம் முன்னோர் கண்டறிந்தே மணமக்களுக்குக் காட்டினராம். நண்பர் பலர் இதனைப் பெருமையுடன் எமக்கு அனுப்பியுள்ளனர்.

இதனை ஏற்க எம்மால் இயலவில்லை. முதலாவது, இரட்டைகள் யாவுமே பொதுப்புள்ளியைச் சுற்றுவன. ஒன்று நிற்க மற்றொன்று சுற்றும் சோடி எங்கும் இல்லை. இரண்டாவது, இம்மீன்கள் இரண்டும் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில், வானவெளியில் ஒரே திசையில் உடன் செல்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை ஒன்றையொன்று சுற்றுமாயின், ஒரு சுற்று நிறைவுறப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும். அத்தகைய நகர்ச்சியை வெறுங்கண்ணாற் கண்டவர் மனிதருள் எவரும் இருந்திருக்க இயலாது. மூன்றாவது, அப்படி ஒரு செய்தியைக் கூறும் செய்யுள் எதனையும் இப்பேச்சினைப் பரப்புவோர் எடுத்துக் காட்டுவதில்லை. முன்னோர் இருண்ட வானில் 12 கலை இடைவெளியில் நின்ற இரு மீன்களைப் பிரித்துக் கண்டனர், பெயரிட்டனர், பாட்டினும் மணவினையினும் வைத்துப் போற்றினர். இது மெய், இது போதியது. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக ஏற்றிக் கூறுதல், ஏட்டில் இல்லாத பாடத்தை நுழைக்கும் பதிப்பாசிரியரின் செயலையே ஒக்கும். சுவடிப் பதிப்பில் நாம் பொறுக்காத ஒன்றை வானத்தில் மட்டும் எங்ஙனம் பொறுப்பது? அதேபோல, அருந்ததி பார்த்தலை மூடவழக்கென்று எள்ளி நகைக்கும் விஞ்ஞான மாணவருள் எத்தனைபேர் அம்மீனைத் தம் கண்ணாற் கண்டவர் என்பதும் கேட்கத்தக்க வினாவே.

அளந்தவர்க்கு அவ்வான்மீன் காட்டியது, கட்டுக்கதையினும் வியப்புடையது. 1617-இல் கலிலியோவின் மாணாக்கரும் துறவியுமாகிய பெனடெட்டோ காஸ்டெல்லி, வசிட்டனைத் தொலைநோக்கியில் இரண்டாகக் கண்டார். அவற்றின் இடைத்தொலை 14 விகலை. 1857-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானிலையத்தில் ஜார்ஜ் பாண்டு என்பார், ஈரக் கொலோடியன் தகட்டில் வசிட்டனையும் அருந்ததியையும் படம்பிடித்தார். இரட்டை மீனை நிழற்படத்திற் பதித்த முதல் நிகழ்ச்சி அதுவே. 1889-இல் அதே இடத்திலிருந்து, வசிட்டனின் ஒளிபெரிய பகுதி எந்தத் தொலைநோக்கியிலும் பிரியாத நெருங்கிய இரட்டை என்று நிறமாலையால் அறிவித்தார் பிக்கரிங். அவை இருபதரை நாளுக்கு ஒருமுறை சுற்றுவன. மற்றப் பகுதியும் இரட்டையே. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு மங்கிய துணை கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, மணமக்களுக்குக் காட்டும் அவ்விரு புள்ளிகளில் ஆறு ஞாயிறுகள் உள்ளன.

இத்துறையைத் தோற்றுவித்து வளர்த்தவருள் பெரும்பகுதியோர், வேறு தொழிலால் வயிறு வளர்த்தவரே என்பது எமது வாதத்துக்கு வலிமை தருவது. வானில் இத்துணை நெருங்கிய சோடிகள் தற்செயலாய் அமைதல் அரிது. ஆதலின் அவற்றுட் பல மெய்யாகவே இணைந்தனவாதல் வேண்டும் என்று 1767-இல் கணக்கிட்டுக் காட்டிய ஜான் மிச்சல், பின்னர் இங்கிலாந்தின் சிற்றூர்த் திருச்சபை ஒன்றின் போதகராய் வாழ்ந்து மறைந்தவர். வில்லியம் ஹெர்ஷல் பாத் நகரத்துக் கோயிலில் ஆர்கன் வாசித்த இசைவாணர். இரட்டை மீன்களைத் தேடித் துருவிக்கொண்டிருந்தபோதே 1781-இல் அவர் கண்ணில் யுரேனஸ் கோள் பட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பர். இவர்க்குக் கோளே புறப்பட்டது. இரட்டை மீன்களை அவர் அளக்கத் தொடங்கியது விண்மீன்களின் தொலைவை அறியும் பொருட்டு. இருபதாண்டுக்கு மேல் அளந்தபின் அவர் கண்டதோ வேறு: காஸ்டர் முதலிய சோடிகள் சுற்றி வருகின்றன என்பது. அவர் 1803-இல் அதனை மெய்ப்பித்தபோது துணைநின்றது, 1759-இல் பிராட்லி என்னும் வானநூலார் காஸ்டரின் இரு மீன்களும் நின்ற திசையைப் பற்றிக் குறித்துவைத்த ஒரு சிறு குறிப்பு. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே எழுதிவைத்த ஒரு வரி, நாற்பத்துநான்கு ஆண்டு கழித்து, ஞாயிற்று மண்டலத்துக்கு அப்பாலும் ஈர்ப்புவிதி ஆள்கின்றது என்னும் கொள்கைக்குச் சான்றாயிற்று.

ஒரு சோடியின் சுற்றுவழி தெரிந்தாலன்றி, மீனொன்றின் பொருண்மையை நேரே நிறுத்தறிய வழியில்லை. ஆதலின், இவ்வளவைகள் வெறும் பொழுதுபோக்கல்ல. விண்மீன்களுக்குரிய தராசு இதுவே.

சிகாகோ நகரத்து நீதிமன்றச் சுருக்கெழுத்தராகிய பர்ன்ஹாம் என்பாரைப் பற்றி ஒரு சொல். பகலெல்லாம் பிறர் வழக்கை எழுதி, இரவில் தம் வீட்டிலிருந்த ஆறங்குலத் தொலைநோக்கியால், பெரிய வானிலையங்களும் காணாத நெருங்கிய சோடிகளை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தார். 1906-இல் வெளிவந்த அவர் அட்டவணையில் 13,665 இரட்டைகள் உள்ளன. ஆறங்குலம் என்பதனைப் படிப்போர் நினைவிற் கொள்க. நமது அலமாரியில் உறங்குவதும் ஆறங்குலமே.

தமிழ்நாட்டுக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு, கற்பித்துக் கூறவேண்டாத மெய்யுறவு. 1689 டிசம்பரில், சீயம் நாட்டினின்று புதுச்சேரிக்கு வந்திருந்த இயேசுசபைப் பாதிரியார் ஜான் ரிஷோ, வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்தபோது, ஆல்பா சென்டாரி என்னும் தென்வானத்துப் பெருமீன் இரண்டாய்ப் பிரிந்து நிற்கக் கண்டார். ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக நமக்கு அண்மையில் உள்ள மீன்தொகுதி அதுவே. அத்தொகுதி இரட்டை என்பதனை உலகம் முதலில் அறிந்தது நமது கடற்கரையிலிருந்து என்பதனை, எத்தனை தமிழ் மாணவர் அறிவர்? அதன் மூன்றாம் மீனாகிய பிராக்சிமா 1915-இல் தென்னாப்பிரிக்காவில் இன்ஸ் என்பாரால் கண்டறியப்பட்டது, நமக்கு 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதுவே யாவினும் அண்மைய மீன். ரிஷோ கண்ட இரண்டும் ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவன. அவர் நாள்முதல் இன்றளவும் நான்கு சுற்றுக்கு மேல் முடிந்துவிட்டன.

சென்னை நுங்கம்பாக்கத்து வானிலையத்திற் பணியாற்றிய காப்டன் ஜேக்கப் செய்தது வேறொரு வகையிற் பயனுடைத்து. 70 ஒபியூக்கி என்னும் சோடி 88 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவது. அதன் அளவைகளிற் சிறு பிறழ்ச்சி தோன்றுவதனைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கிருத்தல் கூடும் என்று 1855-இல் அவர் வெளியிட்டார். பின்வந்தோர் அளவைகள் அதற்கு ஆதரவளிக்கவில்லை. பிற ஞாயிறுகளைச் சுற்றும் கோள்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ள இக்காலத்தில், அவற்றுள் ஒன்றை முதலில் கண்டதாகக் கருதிய இடங்களுள் நுங்கம்பாக்கமும் ஒன்று என்பது சுவையானது. அவரைத் தோற்றவர் என்று யாம் கூறோம். தம் அளவைகளை அவர் எண்ணெண்ணாய் எழுதி வெளியிட்டார். ஆதலினாலேயே பிறர் அவற்றைச் சோதித்துத் தள்ள முடிந்தது. முன்னர்க் கூறிய அருந்ததிப் பேச்சினை இங்ஙனம் சோதிப்பதற்கு அதில் ஒரு எண்ணும் இல்லை.

நிற்க. இனிச் செய்முறைக்கு வருவோம். இதிலேதான் படிப்போர் பலர்க்கு ஐயம்.

முற்காலத்தார் கண்ணருகு வில்லையின் உள்ளே சிலந்தி நூலைப் பூட்டி, திருகாணியால் அதனை நகர்த்தி, இரு மீன்களின் இடைவெளியை அளந்தனர். அது கைப்பழக்கமும் பொறுமையும் பொருட்செலவும் வேண்டிய கலை. இன்று அவ்வேலையைச் சிறு நிழற்படக் கருவி செய்து முடிக்கின்றது. கோள்களைப் படம்பிடிக்க விற்கும் எளிய கருவியொன்றைக் கண்ணருகு வில்லைக்கு மாறாகப் பொருத்தினால் போதும். எமது ஆறங்குலத் தொலைநோக்கியின் குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். இருமடங்கு பார்லோ வில்லையைச் சேர்த்தால் 2400 ஆகும். கருவியின் படப்புள்ளி ஒன்றன் அகலம் 2.9 மைக்ரான் என்போம். 206.265-ஐ 2.9-ஆற் பெருக்கி 2400-ஆல் வகுத்தால், ஒரு படப்புள்ளிக்குக் கால் விகலை என்று வரும். காஸ்டரின் இரு மீன்களுக்கும் இன்று ஏறத்தாழ ஐந்தரை விகலை இடைவெளி. படத்தில் அவை 22 புள்ளி விலகி நிற்கும். 22 புள்ளியை அளக்க மேதை வேண்டா. கண்ணும் கணினியும் போதும்.

திசையை அறிதல் இன்னும் எளிது. எமக்கு மிகவும் விருப்பமான பகுதியும் அதுவே. தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். புவி சுழலுதலால் மீன் படத்தின் குறுக்கே தானே ஓடும். அது ஓடும் கோடு கிழக்குமேற்குக் கோடு. அதற்கு நேர்குத்து வடதெற்கு. வான நடுவரையில் உள்ள மீன் நொடிக்கு 15 விகலை ஓடுமாதலால், அவ்வோட்டத்தின் வேகத்தைக் கொண்டே மேற்கூறிய படவளவையும் சரிபார்த்துக்கொள்ளலாம். புவியே அளவுகோலாகின்றது, கடையில் வாங்கவேண்டியதில்லை.

இடையூறு காற்றிலேதான் உள்ளது. மீன்கள் மின்னுதலைக் கவிஞர் புகழ்வர். அளப்பவர்க்கு அது தலைநோவு. காற்றின் அசைவால் மீனின் உருவம் நொடிக்குப் பலமுறை சிதறியும் கூடியும் துடிக்கின்றது. நெடுநேரம் ஒளிபுகவிட்டுப் படம்பிடித்தால், இரு மீன்களும் குழம்பி ஒரே வெண்திரளாகும். ஆதலின் நொடியின் ஐம்பதிலொரு பங்கு அளவில் இரண்டாயிரம் படங்களை விரைந்து எடுத்து, அவற்றுள் காற்று அடங்கிய கணங்களில் விழுந்த நூறு படங்களை மட்டும் தெரிந்து, கணினியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் வேண்டும். நெல்லைத் தூற்றிப் பதர் நீக்குவது போன்றதே இது. பளிச்சென்று தெளிந்து காற்று வீசும் இரவினும், மெல்லிய மூட்டத்துடன் காற்று உறங்கும் இரவே இத்தொழிலுக்கு நன்று. முழுமதியும் நகரத்து விளக்குகளும் இதனைக் கெடுப்பதில்லை. மேகப்படலங்களையும் தொலைவான அண்டங்களையும் படம்பிடிப்போர் இருளைத் தேடி மலையேற வேண்டும். இரட்டை மீன்களை நாடுவோர்க்கு விடுதி மொட்டைமாடியே போதும். தெருவிளக்கை நொந்து தொலைநோக்கியைப் பூட்டிவைப்போர்க்கு, இதனினும் நல்ல மறுமொழி இல்லை.

தொலைநோக்கியின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஆங்கிலப் போதகர் டாஸ் என்பார் கண்ட விதிப்படி, 116-ஐ வில்லை அல்லது ஆடியின் மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் வருவதே அது பிரித்துக்காட்டும் மிகச்சிறிய இடைவெளி. எமது கருவிக்கு அது முக்கால் விகலை. ஆயின் இவ்விதி ஒத்த ஒளியுடைய மீன்களுக்கே பொருந்தும். சிரியஸின் துணை 1844-இல் பெஸ்ஸலால் கணக்கிலும், 1862-இல் கிளார்க்கால் கண்ணிலும் அறியப்பட்டது; இடைவெளி பல விகலை இருந்தும், தன்னினும் பல்லாயிரம் மடங்கு ஒளிமிக்க மீனின் சுடரில் மூழ்கிக் கிடக்கின்றது. தொடக்கத்திலேயே அதனை நாடிச் சோர்வடைந்தோர் பலர். புதியோர் அதனை ஒத்திவைத்தல் நலம்.

படம்பிடித்தலைப் பற்றிய எமது கருத்தில் ஒரு கசப்பும் உண்டு. இக்காலத்தில் பொழுதுபோக்காய் வானத்தைப் படம்பிடிப்போர் தொகை பெருகியுள்ளது. அவர்தம் படங்கள் வண்ணமயமானவை. போட்டிகளிற் பரிசும் பெறுகின்றன. வேட்டுவ மண்டலத்து ஓரியன் மேகப்படலத்தை எடுக்காதவர் இல்லை. அப்படலத்தின் நடுவே 'டிரபீசியம்' எனப்படும் நான்கு இளமீன்கள் நெருங்கி நிற்கின்றன. அப்படலம் ஒளிர்வதே பெரும்பான்மையும் அவற்றால்தான். ஆனால் பரிசுபெறும் படங்களிற் பலவற்றில் அவ்விடம் ஒளிமிகுந்து வெந்துபோன வெண்புள்ளியாய் நிற்கின்றது. விளக்கு ஏற்றியவரை மறைத்து, விளக்கொளி பட்ட திரையைப் புகழ்வது போலும். அழகு வேண்டாம் என்று யாம் கூறவில்லை. அழகிய படம் எடுத்தவரிடம், 'இதில் எதனை அளந்தீர்?' என்று கேட்கும் வழக்கம் ஒன்று தோன்றினால் நன்று என்பதே எமது விருப்பம். நாளும் நேரமும் அளவும் குறிக்கப்பெற்ற இரு கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், சுவரில் மாட்டத் தகாதனவேனும், நூறாண்டு கழித்தும் பயன்படும்.

இதற்கு ஒரு வலிய தடை கூறப்படும். ஐரோப்பியர் 2013-இல் ஏவிய கையா என்னும் விண்கலம், 2025 தொடக்கம் வரை ஏறத்தாழ நூற்றெண்பது கோடி மீன்களின் நிலையை, எந்தத் தரைக் கருவியும் நெருங்கவியலாத நுண்மையுடன் அளந்துள்ளது. அங்ஙனமிருக்க, ஆறங்குலக் கருவியுடன் மொட்டைமாடியில் மாணவர் அளப்பதால் யாது பயன்? தடை நேர்மையானது, மறுமொழியும் நேர்மையாய் இருத்தல் வேண்டும். கையாவினும் நுண்ணிதாய் எம்மால் அளக்க இயலாது. ஆயின் மிக ஒளிபெற்ற மீன்கள் அதன் கண்ணைக் கூசச் செய்வன. ஆல்பா சென்டாரியின் இரு பெருமீன்களும் அதன் அட்டவணையில் இல்லை. அஃதன்றி, அதன் வாழ்நாள் பத்தாண்டுக்குச் சற்று மேல். காஸ்டரின் ஒரு சுற்றோ ஏறத்தாழ 450 ஆண்டு. விண்கலம் எவ்வளவு கூரிய கண்ணுடையதாயினும் 450 ஆண்டு விழித்திருக்காது. தலைமுறை தலைமுறையாய்க் கைமாறும் குறிப்பேடே அவ்வேலைக்கு ஏற்றது. வாஷிங்டன் நகரத்துக் கடற்படை வானிலையம் காத்துவரும் அட்டவணையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட சோடிகள் உள்ளன; அவற்றுள் நெடுங்காலமாய் எவரும் திரும்பிப் பாராதன பல. பொழுதுபோக்காளர் அளவைகளும், முறைப்படி வெளியிடப்பெற்றால், அதன்கண் ஏற்கப்படுகின்றன. எமது ஓர் அளவையால் வானநூல் மாறிவிடும் என்று மயங்குவார் எவருமிலர். நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணி அறுபடாமல் இருக்கும், அவ்வளவே.

'தமிழ் படிப்போர்க்கு இவ்வேலை எதற்கு?' என்று எம் வகுப்புத் தோழரே வினவுகின்றனர். பழைய ஏடுகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, பெயர்த்தெழுதியோர் பிழையையும் மெய்ப்பாடத்தையும் வேறுபடுத்தும் பயிற்சி நமக்கு மூன்றாண்டு அளிக்கப்படுகின்றது. ஒரே சோடிக்குப் பல்லோர் பல ஆண்டுகளில் தந்த அளவைகளை நிரல்படுத்தி, எது காற்றின் பிழை, எது மீனின் மெய்யான நகர்ச்சி என்று தெளிதல் அப்பயிற்சிக்குத் தொலைவானதன்று. கணக்கு வேண்டுமிடத்துக் கணித மாணவர் அருகில் இருக்கின்றனர்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது. இக்கல்லூரி மலர் ஆண்டுதோறும் தவறாமல் வெளிவருகின்றது; விளையாட்டு வெற்றிகளுக்கும் விடுதி நாள் விழாவுக்கும் பக்கம் ஒதுக்கப்படுகின்றது. அரைப்பக்கம் இரட்டை மீன்களுக்கு ஒதுக்குக. மூன்று சோடிகள் போதும். நாள், நிலைக்கோணம், இடைத்தொலை, அளந்தோர் பெயர் என நான்கு பத்தி.

முதலாவது ஆல்பா சென்டாரி. தமிழ்நாட்டில் இது தென்கீழ்வானில் தாழ்ந்தே எழுவது. நாகர்கோவிலில் 21 பாகையும் சென்னையில் 16 பாகையுமே உயரும். கல்லூரி திறக்கும் ஜூன் நடுவில், இரவு ஒன்பது மணியளவில் உச்சத்தில் நிற்கும். 1976-இல் 22 விகலை விலகியிருந்த இச்சோடி, 2016-இல் 4 விகலைக்குக் குறுகியது. அவ்விரு மீன்களும் மெய்யாகவே ஒன்றையொன்று மிக நெருங்கியது 1955-இல். மீண்டும் நெருங்குவது 2035-இல். 1955-இல் இங்கே சேர்ந்த ஒரு மாணவர் அப்பக்கத்தைத் தொடங்கியிருந்தால், இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் அதன் கடைசி வரிகளை எழுதிக்கொண்டிருப்பர். இன்னும் சில ஆண்டில் முழுச்சுற்றும் நம் மலர்களிலேயே அடங்கியிருக்கும். பழைய மாணவர் எவரிடத்தேனும் அங்ஙனம் எழுதிவைத்த குறிப்பேடு உண்டாயின், அதனை ஈந்து உதவுமாறு வேண்டுகின்றோம்.

இரண்டாவது கன்னி ராசியின் காமா மீனாகிய போரிமா. ஒளியில் ஒத்த இரு மீன்கள். 169 ஆண்டுக்கு ஒரு சுற்று. 1836-இலும் 2005-இலும் இவை நெருங்கி, சிறிய தொலைநோக்கிகளில் ஒற்றை மீனாகிவிட்டன. இன்று ஏறத்தாழ மூன்று விகலை பிரிந்துள்ளன. நமக்குத் தலைக்கு நேர்மேலாய் வருவதால் காற்றின் தொல்லை குறைவு. புதியோர்க்கு மிகப் பொருத்தமானது. மார்ச்சுத் திங்களில் இரவு பதினொன்றுக்குப்பின் பார்க்கலாம்; தேர்வு நெருங்கும் காலமாதலின் விழித்திருப்போர்க்குக் குறைவிருக்காது. மூன்றாவது காஸ்டர், பெப்ருவரி இறுதியில், இரவு ஒன்பது மணிக்கு உச்சியை ஒட்டி நிற்கும்.

அலமாரியின் திறவுகோல் பௌதிகப் பகுதியார் வசம் உள்ளது. மாதம் இருமுறை, தேர்வு வாரம் நீங்கலாக, அதனைத் தர இசைவார்களாயின், தமிழ்ப் பகுதியிலிருந்து நால்வர் பெயரைக் கொடுக்க ஆயத்தமாய் உள்ளோம். படக்கருவி ஒன்று வாங்குதற்குரிய தொகையை மாணவர் மன்றம் தன் வரவுசெலவில் இவ்வாண்டே குறிக்குமாயின், வரும் பெப்ருவரியில் காஸ்டரை முதல் வரியாக எழுதலாம்.